சயரோகம் இல்லையாம்

அழகன் இருமத் தொடங்கியதிலிருந்து தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அவர் வீட்டுப் பக்கம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சயரோகம்தான் என்று லயமே தீர்மானித்துவிட்டது. அதற்கு டாக்டர் எதற்கு? மகள் பூரணி குழாயடிக்குப் போனால் நிற்கிறவர்கள் எல்லாம் விலகி வழிவிடுவார்கள். கங்காணிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பூரணிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். ரத்தத்தில் புற்று, முற்றிவிட்டது. இனிக் குணமாக்க வழியில்லை. நெஞ்சிலும் நீர் கட்டியிருக்கிறது. புகை படாமல், கதவைத் திறந்து வைத்து, சாய்த்து உட்காரவைத்தால் மூச்சு கொஞ்சம் சுலபமாகும். யாருக்கும் தொற்றாது. அழுதுகொண்டே வீடு திரும்பியவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தித்தித்தது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு சயரோகம் இல்லையாம்! யாருக்கும் ஒட்டாதாம்!"

அன்று மாலை லயமே திரண்டு வந்தது. இத்தனை நாள் வராத பாவத்தை ஒரே மூச்சில் கழுவிவிடும் வேகம். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. பனி வருமென்று பக்கத்து வீட்டு ராக்காயி கதவைச் சாத்தினாள். செல்லசாமி குளிருக்கு ஈர விறகை மூட்டிவிட்டுச் சுருட்டும் பற்றவைத்தார். காளியாயி கண்ணேறு கழியச் சாம்பிராணி போட்டாள். எல்லாம் அன்புதான், குறை சொல்ல முடியாது. அழகன் இருமி இருமி மூச்சுக்குத் தவித்தார்.

"கொஞ்சம் கதவத் தொறங்க அத்தை, அப்பாவுக்கு மூச்சு முட்டுது."

"பனி பட்டா நெஞ்சு அடச்சிக்கும் புள்ள. ஒனக்கு என்னா தெரியும்?" என்றாள் ராக்காயி.

அப்பாவின் உதடு நீலம் பாரிப்பதைப் பூரணி கண்டாள். எழுந்து நின்றாள்.

"எல்லாரும் மன்னிச்சிருங்க. நான் பொய் சொல்லிட்டேன். டாக்டரு சொன்னது சயரோகந்தான்."

காம்பரா காலியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவசரத்தில் செல்லசாமி சுருட்டைக்கூட விட்டுவிட்டு ஓடினார். பூரணி அதை வெளியே எறிந்து, விறகை அணைத்து, கதவை அகலத் திறந்தாள். சிலுசிலுவென்று காற்று வந்தது. அப்பாவின் இருமல் மெல்ல அடங்க, அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அழகன் கண் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாரும் எங்க ஆயி?"

"போயிட்டாங்கப்பா. இப்ப மூச்சு விட முடியுதா?"

"முடியுது," என்றார். "எத்தன நாளைக்கப்புறம் இன்னிக்கித்தான் மனசு நெறஞ்சிச்சி. நாளைக்கும் வருவாங்கல்ல?"