உரிமையாளர் பெயர்

பூனை மிளகு, லாட்ஜை விட்டு இறங்கி, சாலையைக் கடந்து, மன்சூரின் சிப்ஸ் கடைக்குள் நுழைவதை நம்பிராஜன் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்.

ஐந்தருவி ரோட்டில் உள்ள அந்த லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாரல் நாளில் இன்வெர்ட்டருக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்தது குட்டி. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள். மிளகு என்று பேர் வைத்தார். அது எதிர்க்கடையில் போய் நேந்திரங்காய் மூட்டைமேல் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கடிப்பது போலிருக்கும். ஐம்பத்தாறு வயதில் ஒரு பூனைக்காகப் பொறாமைப்படுகிறோம் என்று யாரிடம் சொல்வது?

ஆவணி கடைசியில் ஒருநாள் மிளகு மணலில் குந்திக் குந்தி எழுந்தது. ஒன்றும் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. துண்டு விரித்த கூடையில் வைத்து ஆட்டோ பிடித்துத் தென்காசிக்கு ஓடினார். டாக்டர் மாரிச்செல்வி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மூத்திரம் அடைச்சிருக்கு சார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காது."

குழாய் போட்டு இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். கூட்டிப்போக வந்த அன்று நம்பிராஜன் கேட்டார்: "மறுபடி வருமா டாக்டர்?"

"வரலாம். கடுவன் பூனைக்கு இது விட்டுவிட்டு வரும்."

"பூனைக்கு இன்சூரன்ஸ் இருக்காமே. லாட்ஜுல தங்குனவர் ஒருத்தர் சொன்னாரு."

"இருக்கு. ஆனா ஏற்கெனவே வந்த நோய்க்குத் தர மாட்டாங்க. வண்டியில அடிபட்டா, நாய் கடிச்சா, வேற புது நோய் வந்தா தருவாங்க. தடுப்பூசி சர்டிபிகேட் கேப்பாங்க."

"தடுப்பூசி எதுவும் போடலியே."

டாக்டர் பூனையின் காதை உற்றுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திரையைத் திருப்பினார். "போட்டாச்சே. வலது காது கிழிஞ்ச பூனைதானே? பங்குனியில இதே அடைப்போட வந்துச்சு. நல்லா ஆனதும் ஊசியும் போட்டோம்."

திரையில் இருந்தது: பெயர், சுல்தான். உரிமையாளர், மன்சூர்.

பங்குனியில் மகள் பிரசவத்துக்காகப் பத்து நாள் கோயம்புத்தூர் போயிருந்தார். திரும்பியபோது மிளகின் முன்னங்காலில் முடி மழித்த இடம் ஒன்று இருந்தது. எங்கேயோ உரசியிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அதற்கு உடம்புக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. இன்னொருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது.

அறைக்கு வந்ததும் போனை எடுத்து இன்சூரன்ஸ் விண்ணப்பத்தைத் திறந்தார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அழுத்தி அழுத்தி அடித்தார். மிளகு அவருடையது என்று ஏதாவது ஒரு காகிதம் சொல்லவேண்டும். அது போதும் என்றிருந்தது. 'முன்பு நோய் வந்ததுண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தொட்டார். அடுத்ததாகச் சர்டிபிகேட் கேட்டது. அது மன்சூர் பேரில் இருந்தது.

சாலையைக் கடந்தார்.

"ஏலே மன்சூரு, எம் பூனைக்கு உம் பேரை எதுக்குலே எழுதுன?"

மன்சூர் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் அடுப்பை அணைத்தான். "நீங்க ஊர்ல இல்ல அண்ணாச்சி. கடைக்குப் பின்னால கெடந்து துடிச்சுது. தூக்கிட்டு ஓடுனேன். அங்கன யார் பூனைன்னு கேட்டாவ."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்லா?"

மன்சூர் கரண்டியைத் துடைத்து வைத்தான். "சொன்னா, பேரை மாத்தச் சொல்லுவிய. எங்கிட்ட எவ்வளவு நேரம் இருந்தாலும், படுக்க உங்ககிட்டதானே வருது. எனக்கும் எரிச்சலா இருக்காதா? அந்தச் சீட்டுலயாவது எனக்கு இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்."

நம்பிராஜன் இதை எதிர்பார்க்கவில்லை. போனை நீட்டினார். மன்சூர் படித்துப் பார்த்தான்.

"நோய் இல்லன்னு போட்டிருக்கிய. நாளைக்கு ஏதாவதுன்னா ஆஸ்பத்திரி ரெக்கார்டைக் கேப்பான் அண்ணாச்சி. ஒண்ணும் கிடைக்காது. வேணும்னா டாக்டர்ட்ட சொல்லி உங்க பேருக்கு மாத்திருவோம்."

வேண்டும் என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் முதல் தடவை அதைச் சாகாமல் காப்பாற்றியவன் இவன். அவன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட அவருக்குக் கை வரவில்லை. மனம் மட்டும் கேட்கவே இல்லை.

"அடைப்புக்குத் தராட்டாலும் பரவாயில்ல, போட்டுருவோம்" என்றார். "தெனமும் இந்த ரோட்டைத் தாண்டுது, வண்டியில அடிபட்டா ஆகும். உம் பேர்லயே இருக்கட்டும். நோய் உண்டுன்னு எழுது. ஆனா கருவாடு இனிமே குடுக்காத. டாக்டர் சொல்லிட்டாங்க."

"நான் எங்க குடுத்தேன்? நீங்கல்லா குடுக்கிய!"

இருவரும் கொடுத்திருந்தார்கள்.

உரிமையாளருடன் பூனை இருக்கும் படம் ஒன்று வேண்டுமாம். மன்சூர், அதற்குள் கடைக்கு வந்துவிட்டிருந்த மிளகைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். எடுக்க வேறு ஆளில்லை. நம்பிராஜன்தான் போனைப் பிடித்தார். மிளகு அவன் தோளில் முகத்தை வைத்துக் கண்ணை மூடியது. அவர் எடுக்கவில்லை. "சரியா விழல, நல்லா பிடி" என்று பொய் சொன்னார். பிறகு நாக்கை மடித்து, தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற சத்தத்தைக் கொடுத்தார். மிளகு சட்டென்று தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அப்போது எடுத்தார். அதையே அனுப்பினார்.

பத்து நாளில் பாலிசி வந்தது. மூத்திர அடைப்புக்கு மட்டும் கிடையாது என்று தனியாக எழுதியிருந்தது. மன்சூர் அச்சடித்து ஒரு பிரதியை லாட்ஜுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். நம்பிராஜன் பெயர் இருந்த வரியைப் படிக்காமல் மடித்து மேசைக்குள் வைத்தார். "டீ குடிச்சிட்டுப் போலே" என்றார்.

அவன் உட்கார்ந்தான். மிளகு வந்து அவன் காலை உரசிவிட்டு மேசைமேல் ஏறியது. நம்பிராஜனுக்கு இப்போதும் நெஞ்சுக்குள் கடித்தது. டீ சொல்ல எழுந்து போனார்.