ஜான்சியான் தடத்தில் பதினேழாவது கம்பம்

மாப்பிள்ளை பனிச்சறுக்குப் பயிற்சியாளன் என்றால், கணவாயைத் தாண்டிப் பெண்ணின் ஊருக்குச் சறுக்கிக்கொண்டேதான் வந்து சேர வேண்டும். தோழர்கள் கோட்டு சூட்டோடு பின்னால் வருவார்கள். அந்த இரண்டு பள்ளத்தாக்குகளிலும் அதுதான் வழக்கம். காரில் வந்த மாப்பிள்ளையைப் பேரன் எடுத்த பிறகும் கேலி செய்வார்கள்.

அன்செல்ம் டிசம்பரிலேயே ஒருமுறை கல்யாணத்தைத் தவறவிட்டிருந்தான். பனிச்சரிவில் சிக்கிய மூன்று பேரைத் தோண்டியெடுக்கப் போனவன், கல்யாணம் நடக்கவிருந்த ஊராட்சி மன்றத்துக்கு வந்தபோது இருட்டியிருந்தது. மணப்பெண் எலோடி கோபப்படவில்லை. "அது உசுரு சமாச்சாரம், விட்டுட்டேன். இந்தத் தடவை மூணு மணிக்கு வரலேன்னா இனிமே நீ வரவே வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். மூன்றரைக்கு மேயர் வேறொரு கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டியிருந்தது.

இப்போது மணி ஒன்றரை. கணவாயின் உச்சியில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். எதிரே ஒன்றும் இல்லை. வானமும் இல்லை, தரையும் இல்லை, எல்லாம் பால். பத்து நிமிடத்தில் மேகம் இறங்கிவிட்டது. காற்று வலுத்ததும் அவர்களை மேலே ஏற்றிவந்த கம்பிவட நாற்காலிகளையும் நிறுத்திவிட்டார்கள், திரும்பவும் வழியில்லை. அலைபேசிக் கோபுரமும் அந்தக் காற்றில் செத்துப்போயிருந்தது.

"நான் பொறந்ததுலேருந்து இந்த மலையில இருக்கேன். கண்ண மூடிக்கிட்டு எறங்குவேன், வாங்க" என்றான் காஸ்பார், பயிற்சியாளர்களின் தலைவன். வட்டாரக் கோப்பையை இரண்டு முறை வாங்கியவன். பிளந்த பாறைக்கு இடப்பக்கம், பிறகு ஒற்றை தேவதாருவைப் பார்த்து நேராக என்று அவனுக்கு வழி மனப்பாடம். பாறையும் தெரியவில்லை, தேவதாருவும் தெரியவில்லை. கால் மணி நேரம் உச்சியின் சமதளத்திலேயே சுற்றிவிட்டு, புறப்பட்ட அதே நாற்காலித் தூணில் வந்து முட்டினார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவதாக நினைத்து உடம்பைச் சாய்த்த காஸ்பார் பொத்தென்று விழுந்தான்.

"கோப்பைய அங்கேயே வெச்சுட்டு எழுந்திரு" என்றான் ஒருவன். சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு நீளவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா செவரீன் கடைசியில் நின்றிருந்தாள். அவளுக்குச் சறுக்கத் தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, வால்களை அகட்டி, ஐந்து வயதுக் குழந்தை மாதிரி இறங்குவாள். மீட்புக் குழுவின் தொலைபேசி அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். கால் ஒடிந்தவர்கள் பக்கத்துக் குறிக்கம்பத்தின் தகட்டைப் பார்த்துத் தடத்தின் பெயரையும் எண்ணையும் சொல்வார்கள். அவள் ஆளை அனுப்புவாள்.

"கம்பத்தத் தேடுங்க" என்றாள் மெல்ல.

"என்னக்கா?"

"குறிக்கம்பம். நம்பர் போட்டது."

காஸ்பார் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதெல்லாம் பாரிஸ்லேருந்து வர்றவங்க பாக்குறது. நாங்க எவனும் பாத்ததில்ல."

"அதனாலதான் விழுந்து கெடக்கே" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்செல்மின் கைத்தடியில் ஒரு கம்பம் தட்டுப்பட்டது. செவரீன் கையுறையால் பனிக்கட்டியைச் சுரண்டினாள். நீலத் தகடு. ஜான்சியான், முப்பத்தொன்று.

"எண்ணு கொறைஞ்சுக்கிட்டே போனா எறங்குறோம்னு அர்த்தம். ஒண்ணு வந்தா வால்சேர், பொண்ணோட ஊரு. மண்டையில ஆரஞ்சுப் பூச்சு நீளமா இருக்குற கம்பம் வலது ஓரம். அத விடக் கூடாது. கடைசி ஆளு கம்பத்தப் புடிச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டே இருக்கணும். நான் அடுத்தத கண்டுபுடிச்சு நம்பரச் சொன்னப்புறம்தான் விடணும்."

"நீயா முன்னாடி போறே?" என்றான் அன்செல்ம்.

"பின்ன, எண்ணு யாருக்குத் தெரியும்?"

முப்பது, இருபத்தொன்பது. அவளுக்கு ஒவ்வொரு கம்பமும் ஒரு குரலாக இருந்தது. "இருபத்தாறு, இங்க தரை கண்ணாடி மாதிரி இருக்கும், மணிக்கட்டு ஒடையும். இருபத்திரண்டு, ஒரு பெல்ஜியக்காரரு, இடது முழங்காலு, பாவம் ஒரே அழுகை. மேடு இருக்கு, மெதுவா." மேடு இருந்தது. பின்னால் வந்த நான்கு பேரும் அவள் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

பதினெட்டுக்குப் பிறகு பதினேழு இல்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. குரல் எட்டும் தூரம்வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பினாள். மணி இரண்டேகால்.

அங்கேதான் தடம் பிரியும். இடப்பக்கம் போனால் காக்கைச் சரிவு. கறுப்புத் தகடு, அதாவது ஆகக் கடினமான தடம், செங்குத்துப் பள்ளம், நல்ல வெயிலிலேயே பாதிப்பேர் போக மாட்டார்கள்.

"எடப்பக்கந்தான். என் காலுக்குத் தெரியுது" என்றான் காஸ்பார்.

"ஒன் காலு அரை மணி நேரத்துக்கு முன்னாடி ஒன்னையே கீழ தள்ளிச்சு. சும்மா இரு."

செவரீன் கண்களை மூடிக்கொண்டாள். கண்ணால் ஆவது ஒன்றுமில்லை. அவள் அந்த இடத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பதினேழிலிருந்து பேசுகிறவர்களின் குரலைப் பள்ளத்தின் காற்று தின்றுவிடும், மூன்று முறை திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பதினாறிலிருந்து பேசினால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். நடுவில் பாறை மறைக்கிறது.

இடது காதில் காற்று இரைந்தது. அது பள்ளம்.

"கத்திக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, இரைச்சலுக்கு முதுகைக் காட்டி இறங்கினாள். தம்பியின் குரல் தேய்ந்தது, பிறகு கேட்கவே இல்லை. திரும்பிவிடலாமா என்று ஒருகணம் கால்கள் நின்றன. மூன்று மணியை நினைத்துக்கொண்டு பலகைகளை அகட்டி இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

சட்டென்று கதவை மூடியதுபோல் காற்று நின்றது.

தன் மூச்சு தனக்கே கேட்டது. கையை நீட்டித் துழாவினாள். கம்பம். சுரண்டினாள். நீலம். உச்சியில் நீண்ட ஆரஞ்சு.

"பதினாறு!" தொலைபேசியில் பதினோரு வருடமாகத் தணிந்தே பேசிய தொண்டை அது. மலை முழுக்க ஒலித்தது. "பதினாறுடா! என் கொரலு வர்ற பக்கமா வாங்க!"

ஒன்பதில் மேகம் கிழிந்தது. கீழே வால்சேரின் கூரைகளும் மணிக்கூண்டும் தெரிந்தன. மணி இரண்டு ஐம்பது.

"போங்கடா, பறந்து போங்க. நான் பின்னால வர்றேன்" என்றாள் செவரீன்.

ஒருவனும் நகரவில்லை. காஸ்பார் தன் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, வால்களை அகட்டி, முட்டி மடக்கி நின்றான். "நீ முன்னாடி போக்கா. ஒன்னத் தாண்டிப் போற மூஞ்சி எனக்கு இல்ல."

ஊராட்சி மன்றத்தின் வாசலில் நின்ற கூட்டம் அந்தக் காட்சியைப் பார்த்தது. நெற்றியெல்லாம் பனி ஒட்டிய நாற்பது வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வர, பள்ளத்தாக்கின் நான்கு சூரர்களும் மழலைப் பள்ளிப் பிள்ளைகள்போல் அகட்டிய கால்களோடு வரிசையாகப் பின்னால் வந்தார்கள். மணிக்கூண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

எலோடி படியிறங்கி வந்தாள். வெள்ளைக் கவுனுக்குக் கீழே பனிக்காலணி. "உங்களுக்கு என்ன ஆச்சு? எல்லாரும் சறுக்க மறந்துட்டீங்களா?"

"இன்னிக்குத்தான் கத்துக்கிட்டோம்" என்றான் அன்செல்ம்.

உள்ளே மேயர் பதிவேட்டைத் திறந்து மாப்பிள்ளையின் சாட்சியை அழைத்தார். அது காஸ்பார். அவன் எழுந்து, பேனாவை வாங்கி, மூன்றாவது வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த செவரீனிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் கேக்காத. வழி சொல்ற வேலை ஒன்னோடது."

விரல்கள் இன்னும் விறைத்திருந்தன. எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆனால் மன்றத்தில் இருந்த எல்லோரும் எழுந்து கைதட்டியபோது, அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.