ஒரே பக்கம் ஓடிய பட்டைகள்

துஷ்யந்தி மின்விசிறியை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், மூச்சையும் அடக்கிக்கொண்டாள். வெள்ளை அட்டையில் சிவப்புப் பட்டைகள் அப்போதும் ஊர்ந்தன. இடமிருந்து வலமாக, நிற்காமல்.

எஹலியகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். மறுநாள் விஞ்ஞானக் கண்காட்சி. அதற்காக அவள் பூட்டிய கருவி இது. சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டு லேசர் பேனாவின் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதி மேசைமேல் உள்ள முகக்கண்ணாடியிலும் மறுபாதி பின்சுவரில் ஒட்டிய முகக்கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி அட்டையில் ஒன்றுசேரும். அலையின் மேடும் மேடும் சேர்ந்த இடம் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்த இடம் இருட்டு. தலைமுடித் தடிப்பில் இருநூற்றில் ஒரு பங்கு கண்ணாடி நகர்ந்தாலும் ஒரு பட்டை கடந்து போய்விடும்.

லொறி போனால் பட்டைகள் துள்ளும், பிறகு பழைய இடத்துக்கே வரும். இவை திரும்பவே இல்லை. வெளியே ஓயாத மழை.

மூக்கையா கங்காணி வாசலில் குடையை உதறினார். தோட்டத் துரை தொழிலாளர் லயங்களைப் பார்க்க வருகிறாராம்.

"தொர கார் கீழ வந்திருச்சு டீச்சர். இன்னுமா வெளக்கு வெளையாட்டு?"

"செவுரு நகருது கங்காணி."

"மழையில ஒங்க வெளக்குக்குக் குளிரெடுக்குது போல."

மேசைக் கண்ணாடியை மாற்றியும் பார்த்துவிட்டதாகச் சொல்லி அவள் பின்சுவரைக் காட்டினாள். "இதுங்க. இந்தச் செவுருதான்."

கங்காணியின் சிரிப்பு அறுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை மடுவம். கொழுந்தெடுக்கப் போன பெண்களின் பிள்ளைகள் அங்கேதான் தூங்கினார்கள். துஷ்யந்தியின் மகள் நிரோஷாவும்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, அவர் ஓடிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமாக எப்படி நம்பினார் என்பதுதான் பட்டைகளைவிட அவளைப் பயமுறுத்தியது.

ஆயா கருப்பாயி திட்டத் திட்ட, கங்காணி கக்கத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கி ரோட்டோரம் சேர்த்தார். துஷ்யந்தி கடைசியாக நிரோஷாவைத் தொட்டிலிலிருந்து அள்ளினாள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் பெரிய முருகன் படம். காலையில் அவளே அழகாக இருக்கிறதென்று சொன்ன படம். இப்போது அது கோணலாகத் தொங்கியது. பழக்கத்தில் நிமிர்த்தக் கை நீட்டினாள்.

கங்காணி கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க டீச்சர். வாங்க போவோம்." அவர் குரல் உடைந்தது. "வெடிப்ப ரெண்டு தடவ பூசினேன், நிக்கல. காலையில முழங்கை வரைக்கும் கை உள்ள போச்சு. தொர பாத்தா ஏசுவாரேன்னு... சாமிய மாட்டி மறச்சிட்டேன்."