அரைச் சொட்டு சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை மகளைக் கண்டித்ததில்தான் அது தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரவல் வாங்கிய வண்ணப் பென்சில் பெட்டியை அவள் பத்து நாளாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"நாளைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேம்பா."

"தினமும் நாளைக்குன்னா அது இரவல் இல்லம்மா. திருட்டு."

சொல்லிவிட்டு அவன் காப்பியை எடுக்கக் கை நீட்டினான். அந்தக் கைக்குள் ஒரு பொம்மை ரயில் இருப்பதுபோல் இருந்தது. உள்ளங்கை நீளம், பெட்டிகள் இல்லாத வெறும் இஞ்சின். மூன்று ஜன்னல்கள், சுழலாத ஒரு சக்கரம். கூடவே தன் குரல், ஆறு வயதுக் குரல், யாரிடமோ சொல்கிறது: "நாளைக்குத் தர்றேன்."

யாரிடம்? எந்த இடத்தில்? அது நினைவில்லை. கொடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் அந்த ரயில் பிறகு அவன் வீட்டு ஜன்னல் விளிம்பில் வெகுநாள் கிடந்தது.

அன்றைக்கு அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். செய்தித்தாளை எடுத்துப் பிரித்து, படிக்காமல் மடித்துவைத்தான். இரண்டு முறை மாடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கிவந்தான். பெரிய பாவம் என்றால் கடவுளிடம் சொல்லி அழுதுவிடலாம். இத்தனை சின்னதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனாலேயே அது உள்ளே தங்கிவிடுகிறது.

பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவன் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் எத்தனை சொட்டு எந்த நிறம் என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் முகத்தை நினைவில் வைத்திருப்பதைப்போல அவன் நிறத்தை வைத்திருப்பான். ஆகவே திங்கட்கிழமை கடை திறந்ததும் ரயிலின் நிறத்தைக் கலந்தான். வெள்ளையில் சாம்பல் ஒரு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு. பொருந்தவில்லை. என்ன தோன்றியதோ, சிவப்பில் அரைச் சொட்டு விட்டான். பொருந்தியது. ஏன் சிவப்பு என்று அவனுக்கே புரியவில்லை. ஒரு அட்டையில் பூசிக் காயவைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நிறம் கிடைத்துவிட்டது, ரயில் கிடைத்துவிடும், ரயில் கிடைத்தால் அது யாருடையது என்பதும் தெரிந்துவிடும் என்று நினைத்தான்.

மதியம் பழைய விளையாட்டுச் சாமான் பழுதுபார்க்கும் நண்பனிடம் போனான். அவனை எல்லோரும் 'திருகாணி' என்பார்கள். எதையும் கழற்றாமல் பேசமாட்டான்.

திருகாணி அட்டையைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தான்.

"இந்த நிறத்துலயா? எவன்டா செய்வான்? பிள்ளைங்க கடையில இதைப் பார்த்தா பயந்து அழும்."

"நல்லா பாரு. மூணு ஜன்னல், பிளாஸ்டிக்."

"மூணு ஜன்னல் இஞ்சின் ஆயிரம் வந்துச்சு. சிவப்பு, நீலம், பச்சை. இப்படிச் சீக்காளி மாதிரி ஒண்ணு வரவே இல்ல. நீ நிறத்தைத் தப்பா நினைச்சுக்கிட்டிருக்கே."

"நிறத்துல எனக்குத் தப்பு வராதுடா."

"அதான் உன் வியாதியே" என்றான் திருகாணி, ஒரு பொம்மைக் காரின் வயிற்றைத் திறந்தபடி.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அந்த வெளிறின ரயிலா? ஞாபகம் இருக்குடா. அதை வச்சு என் மண்டையில ஒண்ணு போட்டியே, அது எப்படி மறக்கும்?"

"யார் வாங்கிக்கொடுத்தது?"

"யாரும் வாங்கல. உன் துணிப்பையில இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா அம்மா பேச்சை மாத்திடுவாங்க." அக்கா கொஞ்சம் தயங்கினாள். "நீ எங்கேயோ சுட்டுட்டு வந்துட்டேன்னு அம்மா நினைச்சிருக்கணும். பாவம், உன்னைக் கேக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல."

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. தன் பிள்ளையைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அவள் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இதை அறிந்த பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் கடையில் நீலத்தை இரண்டு முறை விட்டு ஒரு வாளிப் பெயின்ட்டை வீணாக்கினான். பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள். அவன் உள்ளே நுழையும்போது மனைவி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏங்க, செருப்போட நிக்காதீங்க. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. மூணு நாளா இப்படித்தான், பல்லி மாதிரி நடுவுல நிக்கிறீங்க."

"இந்த வாசனைதான்" என்றான் அவன். "அந்த ரயில்ல இந்த வாசனை இருந்துச்சு."

பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. உயரமான கட்டில்கள். விழுங்க முடியாத தொண்டை. பக்கத்துக் கட்டிலில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி, கையை நீட்டிக்கொண்டு. "நாளைக்குத் தர்றேன்." மறுநாள் அப்பா வந்து அவனை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "போய்ட்டு வாங்க" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆறு வயதில் தான் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். பழைய தொற்றுநோய் வார்டு இப்போது குழந்தைகள் வார்டாக இருந்தது. அந்தக் காலத்து ஆள் யாராவது இருக்கிறார்களா என்று நர்ஸிடம் கேட்டான். "ஆயாம்மா இருக்காங்க. அடுத்த வருஷம் ஓய்வு. பின்பக்கம் பாருங்க."

பின்முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் விளையாட்டுச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று பெரிய தொட்டிகள். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை.

"பார்க்கிற நேரம் நாலு மணிக்குத்தான்."

"உங்களைத்தான் பார்க்க வந்தேன்."

"என்னையா? அப்போ ஆள் மாறி வந்துட்டீங்க தம்பி."

அவன் நோயைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் சொன்னான். பாதிதான் கோர்வையாக வந்தது. கடைசியில் அட்டையை நீட்டினான். ஆயாம்மா கையுறையைக் கழற்றி, அட்டையை ஓரத்தில் பிடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அவன் கடையில் செய்வதுபோலவே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இந்த நிறத்தை எந்தக் கம்பெனியும் போடல. நான் போட்டேன்."

"புரியல."

"நல்ல சிவப்பு ரயில் அது. தக்காளிச் சிவப்பு. தொண்டை அடைப்பான் வார்டுல பொம்மையை எல்லாம் தினமும் பிளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டு மொட்டை மாடியில காயவைப்போம். ஒரு வருஷத்துல கரடி, பந்து, ரயில் எல்லாம் ஒரே நிறம் ஆயிடும். பெரிய டாக்டர் கேட்பாரு, என்னம்மா உன் பொம்மைக்கெல்லாம் ரத்தசோகையான்னு."

அரைச் சொட்டு சிவப்பு. அவன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்; அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி கழுவத் தொடங்கினாள். நிறத்தில் அவன் தவறவில்லை. வெளுத்துப் போனதையே பிறந்த நிறம் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

"அப்போ வார்டு ரயிலைத்தான் நான் எடுத்துட்டுப் போயிருக்கேன்."

 ஆயாம்மா வார்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"நீ எடுக்கல. நான் வச்சேன். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனா, அது ரொம்பப் புழங்கின பொம்மையை எரிச்சிடணும். அதுதான் சட்டம். ஒரு பையன் அந்த ரயிலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஊசிக்குக் கை நீட்டுவான். அதைக் கொண்டுபோய் நெருப்புல போட மனசு வரல. மூணு தடவை ஊறவச்சு, அவன் துணிப்பைக்கு அடியில வச்சேன். அவங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. தெரிஞ்சா என் வேலை போயிருக்கும். அப்படிச் செஞ்சது ஒரே ஒரு தடவைதான். அது நீதான்."

அவன் சுவரில் சாய்ந்தான். தான் திருடவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்போதே போய்ச் சொல்லியிருப்பான். நான்கு நாளாக நெஞ்சில் ஏறியிருந்தது இறங்கியது. அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் பாதி இன்னும் சொல்லப்படாமல் இருந்தது.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்துச்சு ஆயாம்மா. ரெட்டைச் சடை. அதுக்கு நாளைக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேன்."

தொட்டிக்குள் ஆயாம்மாவின் கை நின்றது.

"அதுக்காகத்தானா" என்றாள் மெதுவாக.

"எதுக்கு?"

"நீ போன பிறகு அந்தப் பொண்ணு உன் கட்டில்ல ஏறித் தலையணையைத் தூக்கிப் பார்த்துச்சு. மெத்தைக்கு அடியில பார்த்துச்சு. உன்னைத் தேடுதுன்னு நினைச்சேன். அவன் நல்லாயிட்டான், நீயும் நல்லாயிடுவேன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. மறுநாளும் வந்து பார்த்துச்சு."

"அப்புறம்?"

"அதெல்லாம் நல்லாயிடுச்சு. பத்து நாள் கழிச்சு அதுவே வீட்டுக்கு நடந்து போச்சு." அவள் ஒரு பிளாஸ்டிக் வாத்தை எடுத்துக் கழுவாமல் மறுபடியும் தண்ணீரில் விட்டாள். "முப்பது வருஷமா ஒரு நல்லது செஞ்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த ரயிலை நினைச்சா எனக்கே சந்தோஷமா இருக்கும்."

"நீங்க வைக்கலேன்னாலும் எரிச்சிருப்பாங்க. அதுக்குக் கிடைச்சிருக்காது."

"வேற ஒண்ணு எடுத்துக் கொடுத்திருப்பேனே. என்ன தேடுறேன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு."

தன்னிடமிருந்து இறங்கியது அவள் மேல் ஏறியதை அவன் கண்ணால் பார்த்தான். நிம்மதி தேடி வந்து, ஒருத்தியின் நிம்மதியைக் கெடுத்துவிட்டான். இந்த நான்கு நாளில் தனக்குத் தானே ஒருமுறைகூடச் சொல்ல முடியாததை அவளுக்காகச் சொன்னான்.

"சின்னப் பொண்ணு ஆயாம்மா. எப்பவோ மறந்திருக்கும்."

"நீ மறந்தியா?"

  கழுவ வேண்டியது இன்னும் இரண்டு தொட்டி இருந்தது. அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்தான்.

"வெறுங்கையை விடாதே, வெந்துபோயிடும்" என்று அவள் ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துப்போட்டாள். "கழுவினதைத் தள்ளித் தள்ளி வை. ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வெயில் படாது."

அவன் வாத்தைக் கழுவித் தரையில் வைத்தான். ஒரு கை அகலம் விட்டு, அடுத்ததை வைத்தான்.