போர்டில் கடைசிப் பெயர்

காலையிலிருந்து எஸ்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு தையல் மிஷின்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள். சனிக்கிழமை விடிந்தால் லாரி வந்து நிற்கும். ஆடித்தபசுத் திருவிழா வியாபாரத்துக்குப் போகவேண்டிய நைட்டியில் இன்னும் ஆயிரம் பாக்கி, இன்றைக்குப் புதன். போன வாரம் வரை நாளுக்கு நானூறு தைத்துத் தள்ளிய கூடம், இந்த வாரம் முந்நூறைத் தொடவே மூச்சு வாங்கியது. லோடு தவறினால் அவளுடைய சூப்பர்வைசர் வேலையும் தவறும். முதலாளி ஜெபசுந்தர் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்புவரை இதே கூடத்தில் மூன்றாவது மிஷினில் தைத்தவள்தான் எஸ்லின். திரும்பவும் போய் அதே ஸ்டூலில் உட்கார அவள் தயாராக இல்லை.

போதாக்குறைக்கு சங்கரேஸ்வரியின் மிஷின் நேற்றிலிருந்து காலி. கூடத்திலேயே வேகமான கை அவளுடையது. போன் அடித்தால் எடுப்பதில்லை.

எல்லாம் அந்த போர்டு வந்தபிறகுதான். கோயம்புத்தூரில் ஒருநாள் பயிற்சிக்குப் போன ஜெபசுந்தர், தொழிலாளியை உற்சாகப்படுத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டு, கையோடு ஒரு வெள்ளை போர்டையும் வாங்கிவந்தார். யார் எத்தனை தைத்தார்கள் என்று தினமும் சாயங்காலம் எழுதவேண்டும். முதல் பெயருக்கு ஒரு நட்சத்திரம். கடைசிப் பெயரைச் சிவப்பில் எழுதலாம் என்பது மட்டும் எஸ்லினின் சொந்த மூளை, யாரும் கேட்காமலே கொடுத்த யோசனை. போன வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் முதலாளி சங்கரேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தி, எல்லோரையும் கைதட்டவைத்தார். தினமும் சிவப்பில் இருந்த மஹ்பூபாவும் தட்டினாள். “இவளப் பாத்துப் படிங்கக்கா” என்று எஸ்லின் அவளிடம் வேறு சொல்லிவைத்தாள்.

அதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இருபத்திரண்டில் கிடந்த மஹ்பூபா, திங்கட்கிழமை முப்பத்தெட்டுக்குத் தாவினாள். ஆனால் மற்ற அத்தனை பேரும் ஏன் சரிந்தார்கள் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் ஸ்கூட்டியை எடுத்தாள். முன்னால் ஒரு மிக்ஸிப் பெட்டி. ராஜபாளையம் ரோட்டுக் கம்பெனி ஏதோ சங்கரேஸ்வரியை இழுத்துவிட்டது என்று முதலாளிக்குச் சந்தேகம். அதற்கு அவர் கண்ட மருந்து இது.

சங்கரேஸ்வரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மிக்ஸியைப் பார்த்தும் அவள் முகம் மலரவில்லை.

“எந்தக் கம்பெனிக்கும் போகல எக்கா. வெக்கமா இருக்கு, அதான் வரல. பொன்னாட போட்டோவ எங்க வீட்டுக்காரரு ராயகிரி வரைக்கும் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிட்டாரு. திங்கக்கிழம எம்பேரு எங்கன கெடந்துச்சு? ஏழாவது.”

“அன்னைக்கு ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கென்ன. நாடா இல்ல.”

நைட்டியின் கழுத்துக்கும் கைக்கும் வைத்துத் தைக்கிற பைப்பிங் நாடாவைச் சொன்னாள். அவரவர் நாடாவை அவரவர் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கம்பெனி முறை. ஆனால் ஒன்பது வருஷமாக மஹ்பூபாதான் முதல் ஆளாக வந்து, பன்னிரண்டு பேருக்கும் நாடா வெட்டி, ஒவ்வொரு மிஷினிலும் தொங்கவிடுவாள். அது முடிய பதினொரு மணி ஆகும். அதன்பிறகுதான் தன் மிஷினில் உட்காருவாள்.

“திங்கக்கிழமையிலருந்து அந்த அக்கா வெட்டல. ஒங்களுக்குத் தெரியாதா? ஆறு வருசம் நீங்களும் அந்த நாடாவ எடுத்துத்தான தச்சிய?”

எஸ்லினுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தெரியும், நன்றாகவே தெரியும். கரண்ட் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது என்பதுபோலத் தெரிந்த விஷயம். அதை ஒரு வேலை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தபோதும் நினைக்கவில்லை. அவமானம் காதுவரை சுட்டது.

“அந்த அக்கா வெட்டித் தந்தா நாளைக்கே வாரேன்” என்றாள் சங்கரேஸ்வரி.

திரும்பி வந்த எஸ்லின் நேராக மஹ்பூபாவிடம் போய் நின்றாள்.

“தப்புதான்க்கா. ஒங்க பேர இனிமே சிவப்புல எழுத மாட்டேன். பழையபடி நாடா வெட்டித் தாங்க.”

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மஹ்பூபா கையிலிருந்த நைட்டியின் கழுத்தை முடித்து நூலைக் கத்தரித்தாள்.

“மொதல்ல கோவம்தான் எஸ்லின். வீட்ல போயி அழுதேன். திங்கக்கிழம வீம்புக்குத்தான் நாடா வெட்டல. சாயங்காலம் பாத்தா முப்பத்தெட்டு. என்னாலயே நம்ப முடியல. ஒம்போது வருசமா நான் மெதுவாத் தைக்கிறவன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

“லோடு போகணும்லாக்கா.”

“போகணும். வெட்டுததையும் ஒரு வேலன்னு எழுதி, அதுக்கு ஆளப் போடுங்க. அது நானா இருந்தாலும் சரி. சும்மா வெட்ட மாட்டேன்.”

சாயங்காலம் கணக்கெடுத்தபோது மஹ்பூபா நாற்பத்தொன்று. அவள்தான் முதல். கூடம் மொத்தமும் இருநூற்று எழுபது. எஸ்லின் பேனாவும் கையுமாக போர்டின் முன்னால் நின்றபோதே ஜெபசுந்தரின் போன் வந்தது.

“யாரு ஃபர்ஸ்ட்?”

“மஹ்பூபா அக்கா.”

“அந்தக் கடைசிப் பொம்பளையா?” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியா, போர்டு வேல செய்யுதுல்லா? வெள்ளிக்கிழம பொன்னாட அவளுக்குத்தான்.”

“பொன்னாட வேண்டாம் அண்ணாச்சி. நாடா வெட்ட ஒரு ஆளு வேணும். இல்லன்னா சனிக்கிழம லோடு போகாது.” ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“எல்லாம் தெரிஞ்சும் இத்தன நாளா ஏன் சொல்லல?” என்று கேட்டார் ஜெபசுந்தர்.

மஹ்பூபா உட்பட அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேகமாத் தைக்கேன்னுதான என்னைய சூப்பர்வைசர் ஆக்குனிய” என்றாள் எஸ்லின். “அது என் வேகம் இல்ல அண்ணாச்சி.”