பூட்டுக்காரர் வீட்டுத் தாழ்ப்பாள்

அவள் கணவரின் அடக்கம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, மகளின் அறைக் கதவில் தம்பி தாழ்ப்பாளை வைத்து ஸ்குரூ முறுக்கிக்கொண்டிருந்தான். துக்க வீடானாலும் அவனுக்குச் சும்மா உட்கார வராது.

"மாமா பையிலயே பழசு இருந்துச்சுக்கா. உடையவே இல்ல. எண்ணெய் போட்டு, துணியில சுத்தி வச்சிருக்காரு" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. உடைந்துவிட்டது என்று சொல்லித்தானே ஆறு மாதத்துக்கு முன்னால் கழற்றினார்? 'ஊர்ப் பூட்டையெல்லாம் சரி பண்ணுவார், சொந்த வீட்டுத் தாழ்ப்பாளுக்கு நேரமில்லை' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரித்து, "நாளைக்கு" என்பார். நேற்றுக் காலை கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த "நாளைக்கு" காதில் விழாதா என்று ஏங்கினாள்.

தம்பி போனதும் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு. அங்கே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு தினமும் அவளைக் கேலி செய்தார்கள். வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று தாய் இருந்துவிட்டாள். இன்றும் மகள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவில் ஒருத்தி முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

"தாழ்ப்பாள் உடையலையாமே?"

"இல்லம்மா. எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னேன். கழட்டிரட்டுமான்னு கேட்டாரு. சரின்னேன். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அப்போதிருந்து தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு இந்த வாசலுக்கு வந்துவிடுவார். கையில் ஏதாவது பூட்டு இருக்கும். கூடத்தில் புழுக்கம் என்பார். அவளும் நம்பினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தெரியலம்மா. மாமா அதை மாட்டுறப்ப வேணாம்னு சொல்ல நினைச்சேன். வாய் வரல."

தாய் அவருடைய பையைத் துழாவித் திருப்புளியை எடுத்தாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது.

மகள் எழுந்து வந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் கட்டிலை விட்டு இறங்குகிறாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா. இப்படி."

இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். தாய் தாழ்ப்பாளைப் பழையபடி துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். டாக்டரிடம் மறுபடி எப்போது போக வேண்டும் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றாள் மகள்.

"நான் வர்றேன்."

மகள் போய்ப் படுத்துக்கொண்டாள். தாய் கூடத்திலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் போடும் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கட்டில் முழுவதும் தெரிந்தது.