முப்பத்தோராவது கசெட்

செபஸ்தியாம்பிள்ளைக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. இந்தச் செய்தியை மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்கப் பரப்பியவரும் அவரேதான். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளியபடி, காலையில் பார்த்த பேய்ப் படத்தை அவர் சொல்லத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கைவேலை ஓடாது. தமிழில் ஒரு சொல்லும் அறியாத ஹெய்ட்டிப் பெண்மணிகூட, அவர் கை போகும் போக்கைப் பார்த்தே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள். "இதெல்லாம் ஒரு பேயா?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மூட்டையை அவிழ்ப்பார்.

ஒக்டோபர் பிறந்தால் மெட்ரோவுக்கு எதிரே இருந்த வீடியோக் கடைக்காரர் வாசலில் பூசணிக்காயை வைத்து, பேய்ப் படங்களைத் தனித் தட்டில் அடுக்கிவிடுவார். ஹலோவீன் வரை நாளுக்கொரு கசெட். ஐந்து வருடமாகச் செபஸ்தி ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கூட்டுக்கு ஆள், கீழ் மாடியில் குடியிருந்த நகுலேஸ்வரன். இருவரும் மட்டக்களப்பு, இருவருக்கும் ஒரே சலவைப் பகுதியில் பின்னேர வேலை. காலை பத்து மணிக்கு நகுலேஸ் மேலே ஏறி வருவார். செபஸ்தியின் மனைவி திரேசம்மா பிளேன்டீ வைப்பார். பிரெஞ்சில் குரல் மாற்றிய படங்கள் இருவருக்கும் அரைகுறையாகத்தான் விளங்கும். கதவு கிறீச்சிடுவதற்கு எந்தப் பாசை வேண்டும் என்பார் செபஸ்தி.

இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செபஸ்தி அணிந்திருந்தது கறுப்பேறிய பெரிய கண்ணாடி. வீட்டிலும் கழற்ற மாட்டார், வெளிச்சம் கூசுகிறது என்பார். படத்தில் இசை கொஞ்சம் இழுத்தால் போதும், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொள்ளும். மனதுக்குள் ஐந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துத்தான் மெல்லத் திறப்பார். ஐந்து வருடத்தில் ஒரு பேயின் முகத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. காதில் விழுந்த அலறலையும் சங்கிலிச் சத்தத்தையும் வைத்துத் தானே ஒரு கதை கட்டுவார், அந்தக் கதை படத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். இது திரேசம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஒக்டோபர் முதலாம் திகதி காலையில் நகுலேஸ் படம் பார்க்க வரவில்லை. ஊரில் அவருடைய தாய் செத்துப்போனதாகத் தம்பி தொலைபேசி எடுத்திருந்தான். மட்டக்களப்பு வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது, மறுநாளே அடக்கம். இங்கிருந்து எந்த விமானத்தைப் பிடித்தாலும் மண் போட்ட பிறகுதான் போய்ச் சேரலாம். நகுலேஸ் கேட்டுக்கொண்டிருந்தார், சரி என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அழவுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை.

செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. பாட்டில்லை, படமில்லை, மற்றவர் வீட்டு வாசலுக்குப் போவதில்லை. வேலைக்கும் அவர் லீவு போட்டிருந்தார். தாயின் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு நாள் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அவருடைய மனைவி றஜனி மேலே வந்து, ஒரு பிடி சோறும் இறங்குதில்லை அண்ணை, நீங்களாவது வந்து கதையுங்க என்று கண்கலங்கினாள். ஆறுதல் சொல்லிச் செபஸ்திக்குப் பழக்கமில்லை. பழக்கமானது ஒன்றுதான்.

"செத்த வீட்டில போய்ப் பேய்க்கதையா சொல்லப் போறீங்க? ஆக்கள் காறித் துப்பப் போகுதுகள்" என்றார் திரேசம்மா.

துடக்குக்காரன் படம் பார்க்கக் கூடாது, சரி. மற்றவன் பார்த்த படத்தைக் கேட்கக் கூடாது என்று எந்த ஐயர் சொன்னார்? இப்படி வழக்காடிவிட்டுச் செபஸ்தி கீழே இறங்கினார். அன்று பார்த்த, அதாவது கேட்ட, படத்தில் ஒரு கிணறு இருந்தது. அதை அவர் சொன்ன விதத்தில் றஜனி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். கிணற்றுக்குள் இருந்து கை வெளியே வரும் இடத்தில், நகுலேஸ் தன்னை அறியாமல் முன்னாலிருந்த இடியப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்தார். கை முழங்கை வரை வந்தபோது மூன்றாவது இடியப்பம் முடிந்திருந்தது. றஜனி கைகூப்பாத குறையாகச் செபஸ்தியைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அது மருந்து மாதிரி ஆகிவிட்டது. காலையில் தனியே கசெட்டைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, பதினொரு மணிக்குக் கீழே போய்ச் சொல்வார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்திருந்த குணரத்தினம் மாஸ்டர் இது என்ன கூத்து என்று முகம் சுளித்தார். சுளித்த முகத்தோடேயே முடிவு வரை இருந்து கேட்டுவிட்டு, அந்தப் பொம்பிளை கடைசியில் தப்பினவளா என்று படியில் வைத்து விசாரித்தார். செபஸ்திக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனிதனை நாக்கினாலேயே சாப்பிட வைக்கிறேன் என்று திரேசம்மாவிடம் நாளுக்கு இரண்டு தரம் சொன்னார்.

இருபத்திரண்டாம் திகதி ஊருக்குப் போய் வந்த கிறகரி ஒரு கசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். இப்போதெல்லாம் ஊரில் செத்த வீடென்றால் பறைமேளத்துக்குச் சொல்லும் கையோடு வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுவார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டுமே. நகுலேஸ் அதை வாங்கித் தாயின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறு நாளாக அது அங்கேயே இருந்தது. அவருடைய டெக்கில் ஊர்க் கசெட் ஓடாது, எல்லா நாட்டுக் கசெட்டும் ஓடுவது செபஸ்தியிடம் இருந்த டெக்தான். ஆனால் நகுலேஸை மறித்தது டெக் அல்ல.

இருபத்தெட்டாம் திகதி, அன்றைய கதை முடிந்ததும் அவர் கசெட்டை எடுத்துச் செபஸ்தியின் மடியில் வைத்தார்.

"மச்சான், அம்மாவ நான் கடைசியாப் பாத்து பதினொரு வருசம். சிரிச்ச முகம். அதுதான் என்ட மனசில இருக்கு. இதுக்குள்ள வேற முகம் இருந்தா அதுக்குப் பிறகு அதுதான் நிக்கும். பாக்காமலும் இருக்க ஏலாது. நீ பயமில்லாத ஆள். நீ பாத்திட்டு வந்து சொல்லு. பாக்கலாமெண்டு சொன்னா நான் பாப்பன். வேணாமெண்டு சொன்னா முப்பத்தொண்டு முடிய ஆத்தில விட்டிடுவம்."

செபஸ்தி கண்ணாடியைச் சரிசெய்தார். "இதென்ன பெரிய விசயமா?" என்று சொல்லி எழுந்தார்.

இரண்டு நாள் கசெட்டைத் தொடவில்லை. முப்பதாம் திகதி காலை, திரேசம்மா பூசைக்குப் போன நேரம் பார்த்து டெக்கில் போட்டார். பறைமேளம் தொடங்கியதுமே பழக்க தோசத்தில் கண் மூடிக்கொண்டது. ஒப்பாரி கேட்டது. ஒரு கதிரை இழுபட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஒரு பெண் 'என்ட ராசாத்தி' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஐந்து அருள் நிறைந்த மரியே முடிந்தது, பத்தும் முடிந்தது, கண் திறக்கவில்லை. அதற்குள் அவர் மனதில் கதை தானாகவே உருவாகிவிட்டது. 'நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கு மச்சான், முகத்தில ஒரு வாட்டமும் இல்ல.' நல்ல கதைதான். நகுலேஸ் நம்புவான். அவன் கேட்க ஆசைப்படுவதும் அதுதானே.

அப்போது அவருக்கு இன்னொன்று தோன்றியது. அவன் நம்பி, கசெட்டைப் போட்டு, உள்ளே வேறு முகம் இருந்தால்? அல்லது ஆற்றில் விடு என்று சொல்லி, உள்ளே அந்தச் சிரித்த முகமே இருந்தால்? ஒரு பிள்ளை தன் தாயை முதலும் கடைசியுமாக வழியனுப்பும் சந்தர்ப்பத்தை, சத்தத்தைக் கேட்டு ஊகித்துச் சொல்ல முடியுமா? செபஸ்திக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. ஐந்து வருடமாக அவர் சொன்ன அத்தனை பொய்யும் யாரையும் நோகடித்ததில்லை. இது நோகடிக்கும்.

"அந்தோனியாரே, நீரும் பாரும்" என்று சொல்லி அவர் கண்ணாடியைக் கழற்றித் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தார். கசெட்டை முதலிலிருந்து சுற்றினார். இம்முறை கண்ணை மூடவில்லை.

பூசை முடிந்து வந்த திரேசம்மா கதவைத் திறந்தபோது, கண்ணாடியில்லாத புருசன் தொலைக்காட்சிக்கு அரை முழத்தில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். திரேசம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் முப்பத்தொன்று. ஐயர் வந்து கிரியை முடித்து, பந்தி வைத்து, மூன்று மணிபோல எல்லோரும் போய்விட்டார்கள். செபஸ்தி வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். நகுலேஸ் மழித்த முகத்தோடு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். றஜனி குசினியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

செபஸ்தி வழமைபோல் கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றி இறக்கவுமில்லை. கண்டதை மட்டும் சொன்னார். தாய் நன்றாக மெலிந்திருந்ததை மறைக்காமல் சொன்னார். நாடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது, வாய் கொஞ்சம் இடப்பக்கம் இழுபட்டிருந்தது. சிரித்த முகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பயப்படும் முகம் இல்லை, களைத்துப்போய்ப் படுத்தவரின் முகம். தலைமாட்டில் ஒரு பெண் முடிவு வரை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள், ஈ ஒன்றும் இருக்க விடவில்லை.

பிறகு அவர் தயங்கினார். சொல்வதா விடுவதா என்று இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல மச்சான். சொல்ல ஒரு மாதிரியும் இருக்கு. அந்த வெயிலுக்குள்ள கிழவிட காலில கம்பளிச் சொக்ஸ் போட்டிருக்கு. நீலச் சொக்ஸ். மேல சிவப்புக் கரை."

நகுலேஸின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை, இரண்டும்தான். மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஊருக்கு ஒரு பார்சல் அனுப்பினாராம். அவசரத்தில் தன்னுடைய சொக்ஸும் அதற்குள் விழுந்துவிட்டது. இந்த வேக்காட்டுக்குள் எனக்கு எதற்கடா கம்பளி என்று தாய் ஏசிக் கடிதம் போட்டார். யாருக்காவது கொடுத்துவிடு அம்மா என்று இவர் பதில் எழுதினார். அதை அதோடு மறந்தும்போனார். தாய் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. முப்பது நாளாக அழாத மனிதன் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அழுது ஓய்ந்து, சால்வையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நீ கண்ணத் திறந்துதான் பாத்திருக்கிறாய்" என்றார்.

செபஸ்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல் வருசமே தெரியும் மச்சான். கண்ண மூடினா உனக்குச் சொண்டு அசையும். அருள் நிறைந்த மரியேய நானும் உன்னோட சேர்ந்து எண்ணியிருக்கன்."

"பேந்து என்ன மசிருக்கு என்னட்டத் தந்தனீ?"

"நீ கண்ண மூடிக்கொண்டு வந்து நல்லதாச் சொல்லுவாய், நானும் நம்புவன் எண்டுதான் நினைச்சன். இப்பிடிப் பாத்திட்டு வருவாய் எண்டு நினைக்கல்ல." நகுலேஸ் எழுந்து சட்டையை மாட்டினார். "வா, மேல போவம். இண்டையான் படத்தப் பாப்பம்."

துடக்குக் கழிந்த மனிதர் முப்பத்தொரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினார். நடைபாதையில் ஏற்கெனவே பிள்ளைகள் எலும்புக்கூட்டு உடுப்புகளோடு ஓடத் தொடங்கியிருந்தார்கள். திரேசம்மா இனிப்புச் சட்டியை வாசலில் வைத்துவிட்டு இரண்டு பிளேன்டீ கொண்டுவந்தார். செபஸ்தி கசெட்டைத் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றி, நேற்று வைத்த அதே இடத்தில் வைத்தார்.

மேளம் தொடங்கியதும் நகுலேஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருடைய கை செபஸ்தியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"சொல்லு மச்சான்" என்றார்.

செபஸ்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டு போனார். முற்றம் தெரியுது. உன்ட தம்பி நிக்கிறான், தலைமயிர் எல்லாம் கொட்டுண்டு போச்சு. பந்தல் போட்டிருக்கு. ஆக்கள் விலகி வழி விடுகினம். இப்ப விசிறுற பொம்பிளை தெரியுது. இப்ப பாய். இப்ப கால்மாடு.

"இந்தா, சொக்ஸ்" என்றார்.

நகுலேஸ் கண்ணைத் திறந்தார்.